ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல் என்று தொடங்கிய கழுதை

ஒரு காட்டில் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. குடிப்பதற்குத்தான் வழி இல்லை. ஏரியைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு ஒரு வாசல், வாசலில் ஓர் ஓநாய். சிங்கராஜா குளித்து எழுந்த பிறகு மிஞ்சும் கலங்கல் மட்டும் வேலிக்கு அடியில் கொஞ்சம் கசியும். அதில் நாக்கை நனைத்துக்கொண்டு, நம் ராஜாவைப்போல் உண்டா என்று குடிமக்கள் பேசிக்கொள்வார்கள். எந்தக் காட்டிலும் குடிமக்கள் அப்படித்தான்.

அந்தக் காட்டில் செம்பான் என்று ஒரு கழுதை இருந்தான். நகரத்தில் இருந்த காலத்தில் சுவர் சுவராகப் போய்ச் சுவரொட்டியும் துண்டறிக்கையும் தின்று வளர்ந்தவன். மற்ற கழுதைகள் பசைக்காகத் தின்றன. செம்பான் மட்டும் படித்துவிட்டுத் தின்றான். கண்டனம், கோரிக்கை, அறைகூவல் என்று அவன் வயிற்றில் இல்லாத சொல்லே கிடையாது. புல்மேட்டுப் போராட்டத்தில் அவன் இடது காது கிழிந்துபோனது. அந்தக் காதை இப்போது யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது அவனுடைய தீராத மனக்குறை. அவன் பேச எழுந்தால் ஆடுகள் மெல்ல நழுவும். நழுவ முடியாதவர்கள், "சீக்கிரம் முடிங்கண்ணே" என்பார்கள்.

அந்தக் கோடையில் கசிவும் நின்றது. அப்போதுதான் குட்டி போட்டிருந்த குருவம்மா என்ற காட்டுப்பன்றி செம்பானைத் தேடி வந்தாள்.

"அண்ணே, பிள்ளைங்க மூக்கெல்லாம் காஞ்சு கிடக்கு. பாலும் வத்திப்போச்சு. ஏதாச்சும் செய்யணும்."

எத்தனையோ காலம் கழித்து ஒருத்தி தன்னிடம் வந்து கேட்டதில் செம்பானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கே காட்டைக் கூட்டினான். எல்லோரும் சேர்ந்து போய் வேலியைத் தள்ளிவிடுவது என்று முடிவானது. காட்டெருமைகூடச் சம்மதித்தது. காட்டெருமை முட்டினால் வேலி என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நரிக்கும் தெரியும்.

நரி ராஜாவின் செயலாளர். அடுத்த நாளே பணிவாக வந்து நின்றது. எதற்கு இந்த வெயிலில் தள்ளுமுள்ளு, ராஜாவே உங்கள் குறையைக் கேட்கப்போகிறார், வரும் திங்கட்கிழமை வாருங்கள் என்றது. ஒன்றே ஒன்று. ராஜா சின்ன வயதில் சர்க்கஸில் வளர்ந்தவர். அங்கே சாட்டையோடு நின்ற மாஸ்டர் எதைச் சொன்னாலும் 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்' என்றுதான் தொடங்குவார். அப்படித் தொடங்காத பேச்சு ராஜாவின் காதில் ஏறுவதில்லை. ஆகையால் நன்றாகப் பழகிக்கொண்டு வரவும்.

நரி சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அந்தச் சொல் காதில் விழுந்தால் ராஜா பாறைமேல் ஏறி முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துவிடுவார். பேசுகிறவர் வாயை மூடும்வரை இறங்கமாட்டார். சாட்டை போய்விட்டது; முதுகு மறக்கவில்லை. நரி இத்தனை காலமாக ஆட்சி நடத்துவதே இப்படித்தான்.

ஆலமரத்தடியில் வகுப்பு தொடங்கியது. செம்பான்தான் வாத்தியார். ஆங்கிலத் துண்டறிக்கையும் தின்றிருக்கிறேன் என்று அவன் சொன்னதை மறுக்க யாருக்கும் படிப்பு இல்லை. ஒவ்வொருவரும் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், நான் இலை தின்கிறேன் என்றது ஆடு. ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், தேன். பிறகும் தேன் என்றது கரடி. ஆமை காலையில் 'ஃபர்ஸ்ட்' என்று ஆரம்பித்துச் சாயங்காலம் 'ஆலு'க்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஓரிரு நாளில் காடு முழுக்க அதே பேச்சானது. குரங்கு வீட்டுச் சண்டையில் மனைவி குரங்கு, ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல் உங்கம்மாவை வாயை மூடச் சொல்லுங்கள் என்று தொடங்கியதைக் கேட்கக் கிளைக்குக் கிளை கூட்டம். சொல்லத் தெரியாதவர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் இளக்காரமாகப் பார்த்தார்கள். வேலியைத் தள்ளுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காட்டெருமைக்கு 'ஃ' வரவில்லை. அந்தக் கவலையில் அதற்கு முட்டும் ஆசையே போய்விட்டது.

குருவம்மா வகுப்புக்கு வரவில்லை. ஈரம் எங்கே இருக்கும் என்று மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தாள். ஒருமுறை ஆலமரத்தைக் கடந்தபோது நின்று கேட்டாள்.

"அது சரிண்ணே. அதுக்கு அப்புறம் என்ன சொல்லணும்?"

"எதுக்கு அப்புறம்?"

"அந்த ஃபர்ஸ்டுக்கு அப்புறம்."

முதலாவதைச் செம்மையாகச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும் என்று செம்பான் விளக்கினான். விளக்கம் நீண்டது. பாதியிலேயே அவள் போய்விட்டாள். கட்டுப்பாடு இல்லாத ஜென்மம் என்று செம்பான் மனசுக்குள் திட்டினான்.

திங்கட்கிழமை வந்தது. யார் முதலில் பேசுவது என்பதில் தகராறு. எல்லோருடைய பேச்சும் 'ஃபர்ஸ்ட்' என்று தொடங்குவதால் எல்லோருக்கும் முதல் இடம் வேண்டியிருந்தது. செம்பான் மட்டும் விட்டுக்கொடுத்தான். சிறப்புப் பேச்சாளர் கடைசியில்தான் பேசுவார் என்பது அவனுக்குத் தெரியும். கைதட்ட ஆள் போதாது என்று நரி வேலிவாசலில் நின்ற ஓநாயையும் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தது.

ஆடு எழுந்து, ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல் ராஜா அவர்களுக்கு வணக்கம் என்றது. ராஜா பாறைமேல் ஏறி உட்கார்ந்தார். கரடி நன்றி சொன்னது. குரங்கு வாழை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தியது. மான் ராஜாவின் பிடரியைப் புகழ்ந்தது. ஒவ்வொன்றும் 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்' சொன்ன பெருமிதத்தில் அதோடு உட்கார்ந்துகொண்டது.

கடைசியாகச் செம்பான் எழுந்தான்.

"ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், நான் யார் என்பதை இந்த அவைக்குச் சொல்லியாக வேண்டும்."

சொன்னான். தான் தின்ற முதல் சுவரொட்டியில் தொடங்கினான். புல்மேட்டுக்கு வந்தான். காது கிழிந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. துரோகிகளைப் பெயர் பெயராகச் சொன்னான். அவர்களில் பலர் எதிரே உட்கார்ந்து கைதட்டினார்கள். அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக எதிரே இருந்த ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ராஜா உட்கார்ந்திருக்கும்போது யார் எழுந்து போக முடியும்? ராஜாவோ பசியில் எச்சில் ஒழுகப் பாறைமேல் ஆடாமல் இருந்தார். வெயில் உச்சிக்கு ஏறிச் சாய்ந்தது. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து, மேற்கொண்டு சத்தம் வராமல்தான் செம்பான் நிறுத்தினான்.

"மிக நன்று. இரண்டாவதாக ஏதாவது உண்டா?" என்று நரி கேட்டது.

செம்பான் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாவதை யாரும் பழகியிருக்கவில்லை.

குடிமக்களுக்கு வேறு குறை இல்லை என்று நரி அறிவித்தது. இனி வாராவாரம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றும் சொன்னது. ராஜா எவ்வளவு பொறுமையாகக் கேட்டார் பார்த்தாயா என்று வியந்துகொண்டே கூட்டம் கலைந்தது.

செம்பான் தனியாக நடந்தான். பாதி வழியில்தான் உறைத்தது. காலையிலிருந்து இதுவரை தண்ணீர் என்ற சொல்லை யாருமே சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. குருவம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று குறுக்குப் பாதையில் திரும்பினான். அங்கேதான் அவள் படுத்திருந்தாள். மேலெல்லாம் ஈரச் சேறு. குட்டிகள் வயிறு புடைக்கப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"வாசல்ல ஓநாய் இல்லண்ணே," என்றாள். "உள்ளே போய் ஆசைதீரக் குடிச்சோம்."

"பயமா இல்லையா?"

"உங்க சத்தம் ஏரி வரைக்கும் கேட்டுச்சு. என்ன பேசுறீங்கன்னு தெரியல. சத்தம் இருக்கிற வரைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுது."

இது போராட்டம் ஆகாது, வேலி இன்னும் அப்படியேதான் நிற்கிறது என்று செம்பான் கோபப்பட்டான். அவள் ஏரியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு தாமரைக்கிழங்கை அவன் முன்னால் உருட்டினாள். சாறு நிறைந்த கிழங்கு. அவன் முறைத்துக்கொண்டே மென்றான். தொண்டை நனைந்தது.

"அடுத்த திங்கக்கிழமை இன்னும் கொஞ்சம் நீளமாப் பேசுங்கண்ணே. மான் குட்டிங்களையும் கூட்டிட்டுப் போகணும். அதுங்க மெதுவாக் குடிக்கும்."

செம்பான் மெல்லுவதை நிறுத்தினான். நீளமாகப் பேசு என்று அவனிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை. கிழிந்த காது தானாக நிமிர்ந்தது.

"புல்மேட்டுக்கு முன்னாடி ஒரு உப்புமூட்டைப் போராட்டம் இருக்கு," என்றான். "அதைச் சுருக்கமாச் சொல்ல முடியாது."

"சுருக்காதீங்க," என்றாள் குருவம்மா.

நீதி: ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், தலைவரைப் பேசவிடுங்கள், தாகம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வர வேண்டாம்.