அக்கா கல்யாணம், ஆறு எம்.பி.

என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். அதுவும் கல்யாணம் நல்லபடியாக முடிந்து மூன்று வருடம் கழித்து, அவள் மஸ்கட்டில் கணவன், குழந்தை என்று நிம்மதியாக இருந்தபோது கெடுத்தேன். இப்படி ஒரு சாமர்த்தியம் எங்கள் அனுமந்தன்பட்டியில் வேறு யாருக்கும் கிடையாது.

அது 2008. பொறியியல் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். (வேலை கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடாது. 'லினக்ஸ் படிச்சுக்கிட்டு இருக்கேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.) கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கணினியை வேலை வாங்குபவனே மனிதன், மவுசைத் தொடுகிறவர்கள் எல்லாம் பாவப்பட்ட ஜென்மங்கள் என்று நம்பிய காலம் அது. மற்றவர்கள் இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிற ஒரு ஃபைலை, நான் பத்து நிமிடம் உட்கார்ந்து கட்டளை அடித்து நகலெடுப்பேன்.

அப்போதுதான் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அடுத்த மாசம் லீவுக்கு வர்றோம். என் கல்யாண டிவிடி மூணையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வையிடா. இங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆளு இல்ல. வெள்ளிக்கிழமை லீவானா அதையாவது போட்டு உங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிருவேன். பத்திரம்டா, அது ஒண்ணுதான் இருக்கு."

உண்மையிலேயே ஒன்றுதான் இருந்தது. எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அதனால்தான் அந்த மூன்றையும் அம்மா பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். கூடவே சாமியார் வந்து ஜெபித்த வீடு மந்திரிப்பு, சித்தப்பா மகன் திருமணம், யார் யாருடைய பிள்ளைக்கோ ஞானஸ்நானம் என்று மொத்தம் பதினோரு டிவிடிகள். எல்லாம் அதே ஸ்டூடியோ.

கேட்டது மூன்று. நான் பதினொன்றையும் செய்வதென்று முடிவெடுத்தேன். ஒரு டிவிடியில் நான்கு ஜிபி இருக்கும், என் கணினியில் மிச்சம் கிடந்த இடமோ பத்து ஜிபி. எனவே சுருக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை எழுதினேன். டிவிடியை உள்ளே வைத்தால் போதும். அதுவே படித்து, அதுவே சுருக்கி, அதுவே பெயர் வைத்து, வேலை முடிந்ததும் வெளியே தள்ளிவிடும்.

ஒரு டிவிடியைச் சுருக்க மூன்று மணி நேரம் ஆகும் என்று கல்லூரி நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு முப்பது விநாடியில் முடிந்தது. அவர்களுக்கு எழுநூறு எம்.பி. வந்தது. எனக்கு வெறும் ஆறு. இந்த இடத்தில் சோறு தின்கிற எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பெருமை வந்தது. சரிபார்க்காமலும் இல்லை. ஒரு ஃபைலைத் திறந்தேன். ரோஜாப்பூ கொட்டியது, நாதஸ்வரம் ஒலித்தது. 'படம் வருது' என்று உடனே மூடிவிட்டேன். ஒரு கரண்டு கட்டுக்கும் அடுத்த கரண்டு கட்டுக்கும் நடுவில் பதினொன்றும் முடிந்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. பழம் நிறம் மாறத் தொடங்கினால் கிளியும் மைனாவும் கூட்டமாக வந்துவிடும். பந்தலில் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், பறவைகள் மிரளும் என்று எல்லோரும் கட்டுவார்கள். அப்பா வீடு வீடாகப் போய் சிடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, பழைய சிடி ஏதும் கெடக்கா?"

"பழசு எதுக்குப்பா? இந்தாங்க பதினொண்ணு. எல்லாத்தையும் உள்ள ஏத்திட்டேன்."

"அக்கா கல்யாணம் இதுலதான இருக்கு?"

"இருந்துச்சு. இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கு. ரெண்டு ரெண்டா வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீக?"

பேக்கப் என்பதே இரண்டாவதாக ஒன்று வைத்துக்கொள்வதுதான். அதைச் செய்த கையோடு அசலைத் தூக்கிக் கிளிக்குக் கொடுத்த பொறியாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்பாவுக்கு மனசே இல்லை. "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, நானே தோட்டத்துக்குப் போய் நடு ஓட்டையில் சணலைக் கோத்துக் கட்டினேன்.

அக்கா வந்த மறுநாள் மத்தியானம் எல்லோரும் கணினி முன்னால் கூடினோம். உத்தமபாளையத்திலிருந்து மச்சானின் அம்மாவும் வந்திருந்தார். அக்கா தன் இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, "இப்பப் பாரு, அம்மா பொண்ணா வருவேன்" என்றாள். நான் கறுப்புத் திரையில் டொக் டொக்கென்று கட்டளை அடித்துப் படத்தைத் திறந்தேன். (இரண்டு கிளிக்கில் திறந்திருக்கலாம். ஆனால் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

ரோஜாப்பூ கொட்டியது. நாதஸ்வரம் ஒலித்தது. ஸ்டூடியோவின் பெயர் சுழன்று சுழன்று வந்து நின்றது. 'சுப நிகழ்ச்சிகளுக்கு அணுகவும்' என்றது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"அடுத்ததப் போடுடா" என்றாள் அக்கா.

ரோஜாப்பூ. நாதஸ்வரம். அணுகவும்.

மூன்றாவது தடவை மச்சான் வாயைத் திறந்தார். "மாப்ள, விளம்பரம் நல்லாருக்கு. படம் எப்பப் போடுவ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு டிவிடிக்குள் பல பகுதிகள் இருக்கும். எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்டூடியோக்காரர் முதல் பகுதியாக வைத்திருந்தது தன் விளம்பரத்தை. கடையை மூடிவிட்டுப் போன மனிதரின் விளம்பரத்துக்குப் பதினோரு பிரதி எடுத்து நான் பாதுகாத்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடு, டிவிடியவே போடு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"டிவிடி எங்கடா?"

"தோட்டத்துல."

"தோட்டத்துல என்ன பண்ணுது?"

"கிளி வெரட்டுது."

குடும்பமே தோட்டத்துக்கு ஓடியது. பந்தல் முழுக்க ஊரார் வீட்டு சிடிகள் தொங்கின. மூன்று வாரம் வெயிலில் காய்ந்திருந்தன. போதாததற்கு கொடிக்கு நோய் வராமலிருக்க அப்பா இரண்டு தடவை மயில்துத்தக் கலவை வேறு அடித்திருந்ததால் எல்லாம் நீலம் பூத்துக் கிடந்தன. அக்கா அண்ணாந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பித் தன் கல்யாணத்தைத் தேடினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, அழுதுவிட்டாள். அதுவரை ஸ்டூடியோக்காரர் மேலும் கட்டளை மேலும் எரிந்துகொண்டிருந்த எனக்கு, என்னை நினைத்து வெட்கமாகிவிட்டது.

சோப்புப் போட்டுக் கழுவி, பனியன் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கல்யாண டிவிடிகளில் கடைசி ஒன்று மட்டும் ஓடியது, அதுவும் பாதியிலிருந்து. கோயில் இல்லை, பூசை இல்லை, தாலி இல்லை. எடுத்த எடுப்பில் பந்தி. பெரியப்பா ரசம் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். அதை நாற்பது நிமிடமும் அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். நான் அதை நான்கு இடத்தில் நகல் எடுத்து வைத்தேன்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பந்தியைப் பார்த்தே வளர்ந்த அக்கா மகள் பள்ளிக்கூடத்தில், "எங்க அம்மாவுக்குக் கல்யாணமெல்லாம் நடக்கல மிஸ், சாப்பாடு மட்டும் போட்டாக" என்று சொல்லிவிட்டு வந்தாள். சண்டை வந்தால் மச்சான், "தாலி கட்டுனேன்னு நீதான் சொல்ற. ஆதாரம் எங்க?" என்பார்.

அக்கா மகளுக்கு ஊரில் வைத்துத்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். கோயில் வாசலில் வீடியோக்காரர் கேமராவை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா நேரே அவரிடம் போய் என்னைக் கைகாட்டினாள்.

"இந்தா நிக்கிறானே, இவன் என் தம்பி. வந்து எதக் கேட்டாலும் குடுத்துராதீக."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியும்க்கா. காலையிலருந்து இதச் சொல்ற நாலாவது ஆளு நீங்க."