அடுப்பைச் சுற்றிய சேவல்கள்

மாணிக்கம் வாங்கி வந்த இரண்டு சேவல்களும் கூரைமேல் ஏறிக்கொண்டு, அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டுப் பழைய சேவல் வாசலில் நின்று, இறங்கித்தான் பாரேன் என்பதுபோல மண்ணைச் சீய்த்தது.

"அடிவாரத்துக் கோழி மலையில தங்காதுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார் கருப்பண்ணன்.

மாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. அவனும் அடிவாரத்துக்காரன்தான். அவருடைய ஒரே மகள் ராசாமணியைக் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டோடு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்கவில்லை. சேவல்கள் ஓடிப்போனால் ஊர் அடுத்தபடியாக யாரைப் பற்றிப் பேசும் என்று அவனுக்குத் தெரியும்.

கூரைமேல் சாமையை வீசினான். புதுச் சேவல்கள் அசையவில்லை. பழைய சேவல்தான் பறந்து ஏறியது. மூன்றும் கட்டிப் புரண்டதில் கூரைப்புல் பாதி வாசலுக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, ஊடு ஒழுகப் போவுதுங்க," என்றாள் ராசாமணி.

"எல்லாம் ஒரே நெறமா இருந்தாச் சண்டை வராது கண்ணு."

விரட்டிப் பிடித்து, பெட்டைகள் உட்பட எல்லாவற்றுக்கும் சாம்பலைப் பூசினான். இப்போது எது தன் சேவல் என்று எந்தப் பெட்டைக்கும் தெரியவில்லை. பழைய சேவலையே எல்லாமாகச் சேர்ந்து கொத்தின. அதைக் கூடையில் போட்டு மூடினான். பெரியவர் கூடைக்குள் போன தைரியத்தில் புதியவை இரண்டும் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. மிரண்ட பெட்டைகள் பலாமரத்தில் ஏறின. பின்னாலேயே சேவல்களும் ஏறின.

பனிமூட்டம் இறங்கியது. மரம் மறைந்து, சாம்பல் கோழிகள் மட்டும் ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தன. மாணிக்கம் வந்த காரியத்தை மறந்து அண்ணாந்து நின்றான். இந்த மலையை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று நெஞ்சு நிறைய ஆசை வந்தது.

அடுத்த வீட்டு மாதம்மாள் எட்டிப் பார்த்தாள். "அடுப்பச் சுத்துனீங்களாங்க?"

"எதுக்குங்க?"

"புதுக்கோழி வந்தா, பொழுது சாய அடுப்ப மூணு சுத்துச் சுத்தி உடோணும். அப்பத்தான் ஊட்டை உட்டுப் போவாதுங்க."

உலக யுத்தக் காலம், மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. வீட்டில் அடுப்பு வெளிச்சம்தான். தூக்கக் கலக்கத்தில் இருந்த சேவல்களை மரத்திலிருந்து இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடுவீட்டு அடுப்பை மூன்று முறை சுற்றினான் மாணிக்கம். கூடைக்குள் விட்டதும் பழைய சேவல் லேசாக முனகிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தது.

அவனுக்குக் கனவில் நடப்பதுபோல இருந்தது. கல்யாணம் முடிந்து இங்கே வந்த சாயங்காலமும் இதே வெளிச்சம்தான். மாமனார் அவன் கையைப் பிடித்து, இதே அடுப்பைச் சுற்றிக் கூட்டி வந்தார்.

"மாமா, அன்னிக்கு என்னையும் அடுப்பச் சுத்த வச்சீங்களே. மாப்பிள்ளைக்குச் செய்யற மரியாதைன்னு நெனச்சேனுங்க."

கருப்பண்ணன் கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். ராசாமணி நன்றாக எரிகிற அடுப்பை ஊதினாள்.

"மரியாதையெல்லாம் மொத மாப்பிள்ளைக்குச் செஞ்சாங்க," என்றாள் வாசற்படியில் நின்ற மாதம்மாள். "அவரு ஒரு மழைக்குள்ள எறங்கிப் போயிட்டாருங்க."