திக்குற தட்டு இருக்குதுங்களா?

பழைய இசைத்தட்டு வாங்க வருகிறவர்களில், கீறலைப் பார்த்து முகம் மலர்ந்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் கீறல்காரர்தான். மற்றவர்கள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தாலும், நெருங்கிய சொந்தத்தில் யாரோ போய்விட்ட மாதிரி உச்சுக் கொட்டுவார்கள். இவர் கோடு இல்லாவிட்டால் உச்சுக் கொட்டுவார்.

எங்கள் ஊரில் கணபதி என்கிற பகுதியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் என் கடை இருக்கிறது. பஞ்சாலை ஆபீசில் வருடக்கணக்காக அடுத்தவர் கடிதங்களை டைப் அடித்துச் சலித்துப்போய், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கடை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். நல்ல ரெக்கார்டு கடை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூச்சு விடாமல் சொல்வேன். தட்டுகளைத் தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, புத்தகம் போல நிற்க வைக்க வேண்டும். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. வாங்க வந்தவர் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லிப் போகிற வரைக்கும் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். குறை இருந்தால் கடைக்காரரே முதலில் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, தட்டு பளிச்சென்று இருக்க வேண்டும். விரல் ரேகை பதிகிற மாதிரி தட்டைத் தொட்ட ஒரு பேராசிரியரை நான் கை கழுவ அனுப்பியிருக்கிறேன். கீழே பட்டறையில் இரும்பு கடைகிறபோது மட்டும் எல்லாப் பாட்டிலும் கூடுதலாக ஒரு வாத்தியம் சேர்ந்துகொள்ளும். அதற்கு நான் பொறுப்பல்ல.

இப்படிப்பட்ட கடைக்குள்தான் ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் மடித்து வைத்த துணிப்பை. செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேலே ஏறி வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, ரெயில் பாட்டு ரெக்கார்டு இருக்குதுங்களா?"

ஊரை விட்டுப் போகிற ஒரு பெண், ரயிலைப் பார்த்து 'மெதுவா, மெதுவா' என்று கெஞ்சுகிற பாட்டு அது. ஒரு காலத்தில் அது ஒலிக்காத தெரு இல்லை. என்னிடம் மூன்று தட்டுகள் இருந்தன. அதில் மிக நல்லதை, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்துக் கொடுத்தேன். அவர் ஜன்னலருகே போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஒரு கீறல்கூட இல்லீங்களே."

"இருக்காதுங்க. என்ர கடையில எடுத்தீங்கன்னா…"

"திக்குற தட்டு இருக்குதுங்களா?"

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். "பாடிட்டே வந்து ஒரே எடத்துல திக்கித் திக்கி நிக்குமில்லீங்க? அந்த மாதிரிங்க. அந்த 'மெதுவா'ங்கற எடத்துல நின்னா ரொம்ப உபகாரமா இருக்கும்."

அல்வாக் கடையில் வந்து ஊசிப்போன அல்வா கேட்ட மாதிரி எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் இங்கே கிடையாது என்றேன். "செரிங்க அம்மணி, அடுத்த வாரம் வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சொன்னபடியே வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மதுக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார் என்றும், முன்பு லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடையில் வேலை பார்த்தவர் என்றும் பேச்சுவாக்கில் தெரிந்தது. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் வாடிக்கையாளர்கள் அதற்குள் கீறல்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் செல்போனிலும் அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

புதிதாகப் பழைய தட்டுகள் வந்து இறங்கினால் கீறல்காரருக்குத் திருவிழா. குவியலில் மண் ஒட்டியதும் பூஞ்சை பிடித்ததுமாகத் தேடித் தேடி எடுப்பார். ஊசியை வைத்ததும் கரகரவென்று சத்தம் வந்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். பாட்டு தடங்கலில்லாமல் முடிந்தால் பெருமூச்சு விட்டு, "நல்லா இருக்குதுங்க, வேண்டாமுங்க" என்பார். இந்த வாக்கியத்தை எந்தக் கடைக்காரியும் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டாள்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய சேகரிப்பாளர் வந்திருந்தார். தட்டைத் தொடுவதற்குத் தனியாக வெள்ளைக் கையுறை கொண்டுவருகிற ரகம். ஒரு பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டவர், "மேடம், ரெண்டாவது சரணத்துல லேசா ஒரு டிக் சத்தம் வருது" என்று முகத்தைச் சுளித்தார். பின்னால் இருந்த கீறல்காரர் துள்ளி எழுந்தார்.

"எந்த எடத்துலீங்க? திக்குதுங்களா?"

"திக்கல. டிக்னு ஒரு சத்தம்."

"இன்னொருக்கா போடச் சொல்லுங்க. இப்ப இல்லாட்டியும் போகப்போகத் திக்குமுங்க" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார். கையுறைக்காரர் அந்தத் தட்டை வாங்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்கும் வரவில்லை.

இன்னொருமுறை வேறு ஏதோ பாட்டு, அழகாகத் திக்கிய ஒன்றை, மகிழ்ச்சியோடு நெஞ்சில் அணைத்து எடுத்துப் போனார். அடுத்த சனிக்கிழமை அதே தட்டு செய்தித்தாள் சுற்றித் திரும்பி வந்தது. "பாட்டு வேறயாப் போச்சுங்க, அதான் சரிப்படலீங்க" என்றார். யாருக்குச் சரிப்படவில்லை என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, நாஞ் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இது நல்ல ரெக்கார்டு விக்கற கடைங்க. ஒடஞ்சது, கீறுனது வேணும்னா பழைய இரும்புக் கடைக்குப் போங்க. வாரா வாரம் வந்து என்ர உசிர வாங்காதீங்க."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தட்டை மேசையில் வைத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, "தப்புத்தானுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே செருப்பைத் தேடி மாட்டுகிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை படியில் இரண்டு பேர் ஏறுகிற சத்தம். கீறல்காரர் ஒரு அம்மாளைக் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரட்டைச் சடை, இரண்டிலும் சிவப்பு ரிப்பன். சேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டிவிட்ட மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது. நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

"என்ர தங்கச்சிங்க. பாப்பான்னுதான் கூப்புடறது. இவள ஊட்டுல பாத்துக்கற அக்கா ஊருக்குப் போயிட்டாங்க. அதாங்க கூட்டியாந்துட்டேன். தொந்தரவு பண்ண மாட்டா. வேற ரெயில் பாட்டுத் தட்டு எதுனா வந்துதுங்களான்னு கேட்டுட்டுப் போயிடறோமுங்க."

வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்த நல்ல தட்டையே ஓட விட்டேன். பாட்டு ஆரம்பித்ததும் அந்த அம்மாள் எழுந்து வந்தார். ரெக்கார்டு பிளேயரின் ஓரத்தில், மரச்சட்டத்தின் மேல், இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். என் பிளேயரை யாராவது தொட்டால் நான் கத்துவேன். அன்று கத்தவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது, பஸ் வருகிற திசையையே பார்க்கிறவர் மாதிரி. பாட்டில் 'மெதுவா' வந்தது. விரல் லேசாக எழும்பியது. பாட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு கையை எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, நாற்காலியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

கீறல்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்க ஊட்டு ரெக்கார்டு அந்த எடத்துல நின்னுபோகுமுங்க. பொட்டிய ஒரு தட்டு தட்டுனாத்தான் மேல பாடும். பத்துப் பேரு இருந்த ஊடுங்க. இவளுக்கு ஒரு வேலையும் குடுக்க மாட்டாங்க. சட்டியத் தொட்டா ஒடச்சுப்போடுவா, அடுப்புகிட்டப் போனா சுட்டுக்குவான்னு ஓரமா உக்கார வெச்சிருப்பாங்க. பாட்டு நின்னா மட்டும் ஊடே கூப்பாடு போடும், 'பாப்பா, ஓடியா ஓடியா'ன்னு. இவ வந்து ரெண்டு வெரல்ல தட்டுவா. பாடும்."

"வேற யாரு தட்டுனாலும் பாடாதுங்களா?"

"பாடுமுங்க. ஆனா நாங்க யாரும் தட்ட மாட்டோமுங்க."

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவரேதான் பழைய சாமான்களோடு அந்தத் தட்டையும் தூக்கிப் போட்டுவிட்டார். தங்கைக்கு நல்லதாக இருக்கட்டும் என்று டவுனில் கீறல் இல்லாத ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். "கைய வெச்சுட்டே நின்னாளுங்க. பாட்டு முடிஞ்சேபோச்சு. அதுல இருந்து கூப்புட்டாக்கூடத் திரும்பிப் பாக்கறதில்லீங்க அம்மணி. செரியாத் திங்கறதுமில்ல."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நல்ல ரெக்கார்டு விக்கற கடையில வந்து எப்படிங்க அதையெல்லாம் சொல்றது?"

நான் எழுந்து போய்த் தையல் ஊசி எடுத்து வந்தேன்.

தட்டைக் கெடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் தானாகவே கெட்டுப்போகிறதே என்று வருத்தப்பட்டவள் நான். 'மெதுவா' வருகிற இடத்தில் தட்டை நிறுத்தி, சாக்பீஸால் ஓரத்தில் அடையாளம் வைத்தோம். என்னிடம் இருந்த மூன்றில் சுமாரான தட்டில் முதலில் ஒரு கீறு கீறினேன். ஊசி எகிறிக் குதித்து அடுத்த பாட்டுக்கே போய்விட்டது.

"ரெயிலு ஸ்டேசன்ல நிக்காமப் போயிருச்சுங்க அம்மணி" என்றார் கீறல்காரர்.

இரண்டாவதில் பயந்து பயந்து கீறியதில் டொக் டொக் என்று சத்தம் மட்டும் வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அதுவும் குதித்துவிட்டது. இரண்டு தட்டு போயிற்று. அப்புறம்தான், கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் போட்டால் ஊசி பின்னால் விழும் என்று அவருக்குத் தோன்றியது. மிச்சமிருந்தது முதல் நாள் நான் பெருமையாக நீட்டிய அந்தப் பளிச்சென்ற தட்டு ஒன்றுதான். தையல் ஊசியைத் தட்டருகே கொண்டுபோனேன், பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"நாங் கீறட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அந்தப் பாவத்த நானே பண்ணிப்போடறேன்."

கீறினேன். ஊசியை வைத்தேன். பாட்டு வந்தது, 'மெதுவா' வந்தது. மெதுவா… மெதுவா… மெதுவா… மெதுவா…

கீறல்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எடைமேடையில் லாரிகளை எடை போட்ட மனிதருக்குள் ஒரு நாடக நடிகர் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ஐயையோ, நின்னுபோச்சே! பாப்பா, ஓடியா ஓடியா!" என்று கத்தினார். கீழே லேத் ஓடுவதை நிறுத்திவிட்டு யாரோ எட்டிப் பார்த்தார்கள். நானும் பதறுகிற மாதிரி நடித்தேன். அப்புறம் நிஜமாகவே பதறினேன், ஏனென்றால் அந்த அம்மாள் உடனே திரும்பவில்லை.

மெதுவா… மெதுவா…

பிறகு முதுகு நிமிர்ந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் எழுந்து வந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இரண்டு விரலால் மரச்சட்டத்தில் ஒரு தட்டு. போகவில்லை. இன்னொரு தட்டு. ரயில் புறப்பட்டது.

அந்த அம்மாள் அண்ணனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ரெண்டாளு இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" என்றார்.

கீறல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, ரோட்டில் ரொம்ப முக்கியமாக ஏதோ நடக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் கடையில் ஒரு மூலையில் திக்குகிற தட்டுகளுக்கென்றே தனியாக ஒரு அலமாரி இருக்கிறது. எந்தப் பாட்டு எந்தச் சொல்லில் நிற்கும் என்று உறையின்மேல் எழுதி வைத்திருக்கிறேன். சேகரிப்பாளர்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். போன மாதம் வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் போன் செய்து, தன் கல்யாணத்தில் மாலை மாற்றுகிறபோது ஒரு பாட்டு ஒரே இடத்தில் நின்று மானம் போயிற்று, அது கிடைக்குமா என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

கீறல்காரருக்கு இனித் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணனும் தங்கையுமாக இரண்டு பஸ் மாறி வந்துவிடுகிறார்கள். அவர் தட்டுகளைத் துடைத்துக் கொடுக்கிறார். அந்த அம்மாள் பிளேயரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். என்றைக்காவது அவர்கள் வர நேரமாகிவிட்டால், எந்தப் பாட்டைப் போட்டாலும் எனக்குப் படிக்கட்டுச் சத்தத்தின்மேல்தான் காது போகிறது.