பதினேழு இன்ச் பெரியப்பா

கடைக்குக் கூட வருபவர் என்றொரு இனம் உண்டு. பணம் கொடுப்பவர் ஒருவர், வாங்கிய பொருளோடு மாரடிக்கப் போகிறவர் ஒருவர், இவர் இரண்டுமில்லை. இவர் கூட வருபவர். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு இவருக்கு, கடையில் இருக்கும் ஒரே ஸ்டூல் இவருக்கு, கடைக்காரர் வாங்கித் தரும் கலரில் முதல் பாட்டில் இவருக்கு. எதை எடுப்பது என்ற தீர்ப்பும் இவருடையதுதான். யார் கொடுத்தார்கள் இந்த அதிகாரத்தை? யாரும் கொடுக்கவில்லை. நாளைக்கு டவுனுக்குப் போறோம், ஒரு சாமான் எடுக்கணும் என்று நீங்கள் யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்திருக்கும். காலையில் நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது, இஸ்திரி போட்ட சட்டையும் சட்டைப் பையில் ஒரு இரும்பு டேப்புமாக உங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருப்பார்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் காரியம் தட்டிப் பார்ப்பது. பானையா, தட்டுவார். பீரோவா, தட்டுவார். டிவி, மிக்ஸி, சுவர்க் கடிகாரம் எதையும் விடமாட்டார். தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலில் கடைக்காரருக்குப் பாதி உயிர் போகும், வாங்க வந்தவருக்கு மீதி. அடுத்து, இதில் பெருசு இருக்கா என்று கேட்பார். இருக்கும். எதிலும் பெருசு என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே! அதையும் தட்டுவார், இந்த முறை தலையை ஆட்டுவார்.

"எடுக்கறதே எடுக்கறோம், பெருசாவே எடுத்துடுவோம்."

கவனித்தீர்களா? எடுக்கிறோமாம். பணம் எண்ணும்போது மட்டும் இந்த ‘நாம்’ வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்.

யாராவது முனகினால் அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. "நான் சொல்றத சொல்லிட்டேன், அப்பறம் உங்க இஷ்டம்" என்பார். இந்த ‘உங்க இஷ்டம்’ இருக்கிறதே, இதைவிடப் பெரிய மிரட்டலை நான் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்டதில்லை. அவர் சொன்னதை மீறி நீங்கள் சின்னதாக வாங்கி, அது ஒருநாள் மக்கர் செய்தால், அடுத்த ஒரு வருஷத்துக்கு ஊரில் நடக்கும் எல்லா வீட்டு விசேஷத்திலும் உங்கள் பெயர் அடிபடும் என்று அர்த்தம்.

எங்கள் உடையார்பாளையத்தில் இந்த இனத்தின் தலைமகன் சாமிதுரை. அறுபதை நெருங்கியவர். நிலம் அளக்க வருபவர்களுக்கு வாலிப வயதில் சங்கிலி பிடித்துக் கொடுத்தார்; அந்தப் பழக்கம் போகாமல் இன்னும் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறார். வேல்முருகனின் மகள் கல்யாணத்துக்குச் சீர் பீரோ எடுக்கப் போனது இவர்தான். மாப்பிள்ளை வீட்டு வாசல் நிலையைவிடப் பீரோ நாலு விரல் உயரம். நிலையைப் பெயர்த்து பீரோவை உள்ளே கொண்டுபோனார்கள், அந்தப் பெண் இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். என் கதையைக் கேட்கிறீர்களா? நானும் என் மனைவியும் இரண்டே பேர். எங்கள் சமையலறையில் ஒரு கல்யாணத்துக்கு மாவாட்டும் அளவில் ஒரு கிரைண்டர் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் அடுப்புப் பற்றவைக்கிறோம்.

சரி, சாமிதுரை வீட்டில் எல்லாம் பெருசு பெருசாக இருக்குமா? ஒருநாள் போய்ப் பாருங்கள். உள்ளங்கை ரேடியோ, மடியில் வைத்துப் பார்க்கும்படி ஒரு கறுப்பு வெள்ளை டிவி, ஒரு ஆள் படுத்தால் கால் வெளியே தொங்கும் கட்டில். சொந்தக் காசில் அவர் வாங்கியது எதுவும் முழங்காலுக்கு மேல் வளர்ந்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஏழு தை மாதம். எங்கள் தெருவில் முந்திரிக்காடு வைத்திருக்கும் தர்மனின் மகள் பரிமளா, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் எம்.சி.ஏ. கடைசி வருஷம். இங்கே ஏறி அரியலூரில் இறங்கி, அங்கே பெரம்பலூர் பஸ் பிடித்துப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காலேஜில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆனால் சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலைக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. சித்திரையில் வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினரிடம் ப்ராஜெக்டைக் காட்டி, மே மாதத்துக்குள் படிப்பை முடித்திருக்க வேண்டும். முடித்தால் ஜூனில் வேலை. முடிக்காவிட்டால் அந்தக் கடிதத்தில் கடலை மடிக்கலாம்.

அதனால் அவள் ஒரு லேப்டாப் கேட்டாள். பஸ்ஸில் வீணாகும் நாலு மணி நேரமும் அதை மடியில் வைத்து வேலை செய்ய வேண்டும், பன்னிரண்டு இன்ச் ஸ்கிரீன் போதும், கனம் இருக்காது, பேட்டரியும் மூணு மணி நேரம் நிற்கும் என்று தோழி ஒருத்தியுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். தர்மனும் சரி என்று சீட்டுப் பணத்தை எடுத்தார். தெரியாத சாமானாச்சே, விவரம் தெரிந்த ஒருத்தர் கூட வரட்டும் என்று நினைத்தாரே, அங்கேதான் கெட்டது. தர்மனுக்கு அண்ணன் முறையாகும் சாமிதுரை அதுவரை லேப்டாப்பைக் கண்ணால் பார்த்ததுண்டா? இல்லை. அதெல்லாம் அவருக்கு ஒரு தடையா?

பெரம்பலூரில் மாடியில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் வேணுகோபால் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பரிமளாவின் கை நேராகச் சின்னதுக்குப் போயிற்று. சாமிதுரை அதன் முதுகில் தட்டினார். உதடு பிதுங்கியது. ரேஷன் கார்டு மாதிரி இருக்கு என்றார். அடுத்ததைக் காட்டி என்ன அளவு என்று கேட்டார். பதினைந்து இன்ச் என்றார் வேணுகோபால். டேப் வெளியே வந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வைத்துப் பார்த்தால் பதின்மூன்று. இரண்டு இன்ச் எங்கேய்யா போச்சு என்று சாமிதுரை கேட்ட கேள்விக்குக் கீழே டீக்கடையில் இருந்தவர்கள்கூட மேலே நிமிர்ந்து பார்த்தார்களாம்.

ஸ்கிரீனை மூலைக்கு மூலை அளப்பதுதான் உலகம் பூராவும் வழக்கம் என்று வேணுகோபால் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். சாமிதுரை சிரித்தார்.

"மூலைக்கு மூல அளந்தா எந்த வயலும்தான் பெருசாத் தெரியும். எங்கூர்ல அப்படி அளந்து கிரயம் பண்ணினா வெட்டுக்குத்து ஆயிடும், தெரியும்ல?"

தர்மனின் முகத்தில் ஒரு பெருமிதம், நல்லவேளை அண்ணனைக் கூட்டிவந்தோம் என்று. அந்தப் பெருமிதம் அடங்குவதற்குள் சாமிதுரை தீர்ப்பை வாசித்துவிட்டார். கழிவு இரண்டு இன்ச் போகிறது. ஆகவே, நியாயமாகப் பதினைந்து கையில் நிற்க வேண்டுமானால் பதினேழு வாங்க வேண்டும். எடுக்கறதே எடுக்கறோம்.

பரிமளா மெதுவாகத்தான் சொன்னாள். "பெரியப்பா, நான் இத பஸ்ஸுல மடியில வச்சு வேல பாக்கணும்."

"மடியில வைக்கிற சாமானா இது? வூட்டுல டேபிள்ல வைம்மா. நாலு பேரு பாக்கணும்ல."

யார் அந்த நாலு பேர்? அவள் ப்ராஜெக்டைப் பார்க்க வேண்டியவர் ஒரே ஒருத்தர். தர்மன் மகள் முகத்தைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கப் போகிற மாதிரி ஒரு காலை எடுத்து வைத்தார். பதினேழு இன்ச்சைக் கட்டச் சொல்லிவிட்டார் தர்மன்.

நம் பக்கத்து பஸ்ஸில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நின்றுகொண்டு வரும் பெண்பிள்ளை பையை நீட்டினால், உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாதவராக இருந்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பரிமளாவின் புதுப் பையை முதல் நாள் வாங்கிய அம்மாள், தொடை மரத்துப்போச்சு கண்ணு என்று பாதி வழியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் இன்னொருத்தி கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்க ஆரம்பித்தாள். சீட்டு கிடைத்த நாளிலோ, மூடியைத் திறக்க முடியாதபடி முன்சீட்டு இடித்தது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஒருவழியாகத் திறந்தால், அரியலூர் வருமுன்னே பேட்டரி உயிரை விட்டது. ஒரே வாரம். அதற்குப் பிறகு லேப்டாப் வீட்டிலேயே, டிவிக்குப் பக்கத்தில், அவள் அம்மா கமலவேணி தைத்துப் போட்ட பூப்போட்ட உறைக்குள் தங்கிவிட்டது.

சாயங்காலம் அவள் களைத்து வந்து உறையைக் கழற்றும் நேரத்துக்குச் சாமிதுரை சி.டி.யோடு வந்துவிடுவார். வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே, வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பெரிய ஸ்கிரீனில் படம் பார்ப்பதே ஒரு தனி சுகம் என்று, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தெருவுக்கே விளக்கம் சொல்வார். கூட வந்தவர்கள் எண்ணி நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேர் யாரென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பரிமளா விடியற்காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ்ஸில் வெறும் கையோடு நின்றாள். எப்படியோ, எக்ஸாமினர் வருவதற்கு முந்திய நாள் ப்ராஜெக்டை முடித்தும்விட்டாள். அந்தப் பெண்ணின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிமிர்கிறது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய சாமான், புள்ள தனியா எப்படித் தூக்கும் என்று சாமிதுரை கூடக் கிளம்பினார். கூட வருபவர் கூட வராமல் இருப்பாரா?

அரியலூர் பஸ் ஸ்டாண்டு. முகூர்த்த நாள் கூட்டம். பெரம்பலூர் பஸ் வந்து நிற்குமுன்னே ஜனம் அதோடு ஓடியது. இந்த நேரத்தில் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? துண்டையோ பையையோ ஜன்னல் வழியாக உள்ளே எறிந்து சீட்டுப் போடுவார்கள். சாமிதுரை தோளில் துண்டு இருந்தது. ஆனால் துண்டு சின்னது, ஒரு சீட்டுத்தான் பிடிக்கும். கையிலிருந்த பை பெரியது, இரண்டு சீட்டுப் பிடிக்கும். பரிமளா அவர் கையைப் பிடிப்பதற்குள் பை ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. அதே நேரம் படி வழியாக ஏறி வந்த ஒருத்தர், பையைப் பார்த்தும் பார்க்காததுபோல, தோளிலிருந்த பலாப்பழத்தை அதன் மேல் இறக்கினார். பை போட்டா சீட்டாய்யா என்று அவர் உள்ளே இருந்து கேட்க, பழம் போட்டா மட்டும் சீட்டா என்று இவர் வெளியே இருந்து கேட்க, நியாயம் ஐந்து நிமிஷம் நடந்தது. சாமிதுரைதான் ஜெயித்தார். வாம்மா, வந்து உக்காரு என்று இடத்தைத் துடைத்துக் கொடுத்தார். அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, பெரம்பலூர் வரைக்கும் அதை மடியில் அணைத்துக்கொண்டே வந்தாள்.

காலேஜில் போட்டுப் பார்த்தால், ஸ்கிரீனில் இடது பாதி கறுப்பு. மை கொட்டின மாதிரி. வலது பாதி மட்டும் மினுங்கியது. காலேஜ் லேபிலிருந்து வேறு மானிட்டரைக் கழற்றி மாட்டலாம்தான், கழற்ற ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேண்டும், ஹெச்.ஓ.டி.யோ எக்ஸாமினரைச் சாப்பிட அழைத்துப் போயிருந்தார். சாப்பிட்டு வந்த எக்ஸாமினர் பாதி ஸ்கிரீனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த முறை நவம்பரில் கொண்டு வாம்மா என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார். நவம்பர். கம்பெனி மே மாதம் என்று எழுதியிருந்தது. ஜூனில் அவளுடைய தோழி சென்னைக்குப் போனாள். பரிமளா அரியலூருக்குக்கூடப் போகவில்லை, வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

சாமிதுரை வருத்தப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? எக்ஸாமினர் திருப்பி அனுப்பிய அன்று சாயங்காலமே தர்மன் வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பெருசா எடுத்ததாலதான் தர்மா, ஒடஞ்சும் பாதி தெரியுது. சின்னதா இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும்."

தர்மன் அதற்குத் தலையாட்டினார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த பரிமளா எழுந்து உள்ளே போய்விட்டாள். சாமிதுரை மறுவாரமே வரதராஜன்பேட்டையில் யாருக்கோ தண்ணீர் மோட்டார் எடுக்கக் கிளம்பிவிட்டார், டேப்போடு.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை நான் இந்த ரகம் இல்லை, யாருடைய கடைக்கும் நான் கூடப் போவதில்லை என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இருங்கள். படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனசில் ஒரு அளவு ஓடியதா, இல்லையா? பதினேழு பெருசுதான், நடுவாந்தரமாப் பதினாலு எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லையே என்று ஒரு தீர்ப்பு? எனக்கு ஓடியது. அதை அவளிடமே போய்ச் சொல்லவும் செய்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. உங்களை ஒன்று மட்டும் கேட்கிறேன். மேலே திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள்: அந்தப் பெண் எத்தனை இன்ச் கேட்டாள்?