ஊசிக்குத் தெரியாததா?

"என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தனும் தப்பினதில்லை. ம், உங்க பேரைச் சொல்லுங்க," என்றார் கோட்டு போட்ட நிபுணர்.

ஸ்டோர்கீப்பர் வாயைத் திறப்பதற்குள் மேஜைமேல் இருந்த பெட்டியின் ஊசி துள்ளிவிட்டது.

அவருக்கு வியர்த்தது. பொய்யைப் பேசிய பிறகு கண்டுபிடிக்கும் பெட்டி என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். இது பேசுவதற்கு முன்பே மோப்பம் பிடிக்கிறதே! தன் பெயரை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, பயபக்தியோடு சொன்னார்.

எட்டு மாதமாக வேலை இல்லை. இந்தச் சோதனையில் தேறினால்தான் புதுக் கிடங்கில் வேலை. குடும்பத்தோடு மச்சான் வீட்டுப் பின்னறையில் வாசம். "உள்ளதைச் சொல்லிட்டு வேலையோட வாங்க. எங்கண்ணன் மூஞ்சியில இனிமே என்னால முழிக்க முடியாது," என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். உள்ளதைச் சொல்வதில்தான் இப்போது சிக்கல்.

"பழைய கிடங்குல எதையாவது எடுத்ததுண்டா?"

"இல்லீங்க."

"இதையேதான் ஆயிரம் பேர் சொன்னாங்க. ஆயிரம் பேரையும் நானே பிடிச்சேன்."

ஊசி காகிதத்தில் ஒரு மலையை வரைந்தது.

ஸ்டோர்கீப்பர் நெஞ்சைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே என்னதான் ஓடுகிறதோ. "ஒரு அளவு டேப்பு... வீட்டுக்குக் கொண்டு போனேன். திருப்பிக் குடுக்கலாம்னுதான்."

ஊசி சாதுவாகப் படுத்துக்கொண்டது. அப்பாடா என்று மூச்சுவிட்டார்.

"அவ்வளவுதானா? வெளிநாட்டுல மூணு வருஷம் இதையே படிச்சவன் நான்."

ஊசி காகிதத்தின் விளிம்புவரை ஓடியது.

இனி மறைத்துப் பயனில்லை. ஆனால் எதை மறைத்தோம் என்பதுதான் ஸ்டோர்கீப்பருக்கு நினைவுக்கு வரவில்லை. "ஒரு ஏணி," என்றார் குத்துமதிப்பாக.

"எத்தனை அடி?"

"பதினஞ்சு."

"எப்படி எடுத்துட்டுப் போனீங்க?"

"சைக்கிள்லதாங்க."

ஊசி அசையவில்லை. அவருக்கு மெய்சிலிர்த்தது. தான் எடுத்த ஏணி தனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. ஒரு தகரப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு நான்கு இரும்பு அலமாரிகளை ஒப்புக்கொண்டார். அதற்குள் கை பழகிவிட்டதால், கிடங்கின் வாசற்கதவைப் பெயர்த்துக்கொண்டு போனதையும் சேர்த்துக்கொண்டார்.

"கதவில்லாத கிடங்குக்குக் காவலா இருந்தீங்க?"

"ராத்திரி பகலா இருந்தேங்க."

நிபுணர் பேனாவை மூடினார். "உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. பரிதாபமாத்தான் இருக்கு."

ஊசி காகிதத்தைக் கிழித்தது.

"பார்த்தீங்களா? இன்னும் ஏதோ பாக்கி இருக்கு!" நிபுணர் சிவப்பு முத்திரையைத் தூக்கினார்.

ஸ்டோர்கீப்பர் எழுந்து பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் போகட்டும். நாற்பத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்தும் தன்னைத் தானே இவ்வளவு தெரிந்துகொள்ளவில்லையே என்று கண் கலங்கியது.

அடுத்த ஆளின் ஃபைலோடு உள்ளே வந்த அலுவலகப் பெண், குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வயரை எடுத்தாள்.

"சார், இவரோட வயரு தரையில கிடக்குது. மெஷினைச் சரிபாக்கறேன்னு காலையில கோட்டுக்குள்ள உங்க நெஞ்சுல கட்டினீங்களே, அதைக் கழட்டவே இல்லை. அந்தப் பட்டைதான் இன்னும் மெஷின்ல மாட்டியிருக்கு."