ஐந்து உயிருக்கு ஒரு நாமினி

ஐந்து பேர் செத்தால் லாபமடையக்கூடிய ஒரே மனிதனாக நான் நான்கு நாட்கள் வாழ்ந்திருக்கிறேன். அந்த ஐவரில் ஒருவர்கூட எனக்குச் சொந்தமில்லை. இதில் கொடுமை, அவற்றில் முதல் மூன்று நாட்களும் என்னைப்போல ஒரு நல்லவன் சிதம்பரத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழைக்காலத்தில் என் மனைவி சுமதி ரசத்துக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மேலேயிருந்து அதுவே வந்துவிடும். போன வருஷம் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "பெருமழைக்குள்ள தளம் போடல, நான் திருப்பாதிரிப்புலியூருக்கே போயிடுறேன். அம்மா வூடு ஒழுவாது."

அம்மா வீட்டின் தரம் விவாதத்துக்கு வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது என்பது கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். லால்பேட்டை பஷீர் பாயை வரச் சொன்னேன். பல வருஷம் குவைத்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மேஸ்திரி. கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டார் என்று பெயர்.

அவர் வருவதற்கு முந்தின நாள் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர், வீட்டில் ஆணி அடிப்பதாக இருந்தால்கூடக் கட்டடக்காரரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நடுத்தெருவில்தான் என்று கண்ணீர் விடாத குறையாகச் சொன்னார். (அந்த ஊரில் மேஸ்திரிகூடக் கோட்டுப் போட்டிருந்தார்.) எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் பாய் டேப்பை விரித்துச் சுவரை அளக்கும்போது தொண்டையைக் கனைத்தேன்.

"பாய், ஒங்ககிட்ட இன்சூரன்ஸ் இருக்கா?"

"வண்டிக்கா சார்?"

"வண்டிக்கு இல்ல, ஒங்க ஆளுங்களுக்கு. மேல ஏறி வேலை செய்யறப்ப ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். முறைத்தால் பேசுவதற்கு ஒரு சிறு சொற்பொழிவே வைத்திருந்தேன். அவரோ டேப்பைச் சுருட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குவைத்துல கம்பெனியே கார்டு குடுத்துடும் சார். நம்மூர்ல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான். நானும் எடுக்கணும் எடுக்கணும்னுதான் பாக்குறேன். பாரத்தப் பாத்தாலே பயமா இருக்குது. பூரா இங்கிலீஷு."

"பாரத்த எங்கிட்ட வுடுங்க" என்றேன்.

அப்படிச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருந்தது. ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்ப்பதுதான் என் உத்தியோகம். புள்ளி விட்டுப்போனால் திருப்பி அனுப்புவேன். கோடு தாண்டிக் கையெழுத்துப் போட்டால் திருப்பி அனுப்புவேன். என்னைப் பற்றி மாணவர்கள் கழிப்பறைச் சுவரில் எழுதியிருப்பதை இங்கே சொல்ல முடியாது.

சுமதியின் தம்பி செல்வம் திருப்பாதிரிப்புலியூரில் இன்சூரன்ஸ் ஏஜென்டு. "மாமா, நான் சொந்தக்காரங்க கல்யாண வேலையில இருக்கேன். பாரம் அனுப்புறேன், நீங்களே ஃபில் பண்ணி அனுப்பிடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான். தெரியாததா என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

பாய், அவருடைய கொத்தனார் அந்தோணி, சித்தாள் அஞ்சலை, இன்னும் இரண்டு பேர். ஐவரையும் எங்கள் மொட்டை மாடிக்கு வரவழைத்து ஒவ்வொருவராக விசாரித்தேன். வயது என்ன? பிரஷர் உண்டா? சுகர் உண்டா? ஆபரேஷன் ஏதாவது? பிறகு போட்டோ. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். கைப்பிடிச் சுவர்தான் வெள்ளை. அதை ஒட்டி நிற்க வைத்து, "இன்னும் ஒரு எட்டு பின்னாடி... இன்னும் கொஞ்சம்..." என்று பொறுமையாக எடுத்தேன்.

பாரத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் சற்று யோசித்தேன். நாமினி. எங்கள் அலுவலகத்தில் நாமினி என்றால் நிர்வாகத்தின் சார்பில் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, முந்திரி பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். இந்த ஐந்து பேருக்கும் பொறுப்பு யார்? நான்தானே! ஐந்து பாரத்திலும் என் பெயரை முத்து முத்தாக எழுதினேன். அடுத்த கட்டம், உறவுமுறை. சொந்தம் இல்லையே, பொய் சொல்லக் கூடாதே என்று யோசித்து, "நலம் விரும்பி" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

செல்வம் அதைக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறான். பார்க்காமலே அனுப்பியிருக்கிறான் என்பதுதான் சரி.

பாலிசி வரும்வரை ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது என்று வேலையை நிறுத்தி வைத்தேன். சுமதி வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவழியாக வந்தது. ஐந்து பேர் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். என் பெயரிலும் பிழையில்லை. அட்டையாக்கி லேமினேட் செய்து, இரண்டு நாள் கழித்து ஒரு நல்ல நேரத்தில் ஆளுக்கொரு ஜாங்கிரியுடன் வழங்கினேன். பாய் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூரையைப் பிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் எங்கள் சமையலறை வானத்துக்குத் திறந்துகொண்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் கூட்டம். பாய், அவர் மனைவி, அவர்கள் மகள் நஸ்ரின், பின்னால் மற்ற நால்வர். யார் கையிலும் கரண்டியோ மட்டக்கம்போ இல்லை. எல்லார் கையிலும் அட்டை.

நஸ்ரினை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவள் அட்டையை நீட்டினாள்.

"சார், இதுல நாமினின்னு போட்டிருக்குதே, அப்படின்னா என்னா சார்?"

"பொறுப்பாளர்மா. ஏதாவது ஒண்ணுன்னா நான் பாத்துக்குவேன்னு அர்த்தம்."

"இல்ல சார். எங்க அத்தா செத்தா காசு வாங்கறவருன்னு அர்த்தம்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி நின்றது.

"நலம் விரும்பின்னு வேற எழுதியிருக்கீங்க" என்றாள்.

பாயின் மனைவி முன்னால் வந்தார். "எங்க வூட்டுக்காரரு போயிட்டா ஒங்களுக்கு எதுக்கு சார் காசு? நாங்க என்னா ஒங்களுக்குப் பாவம் பண்ணோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணிக்கு ஞானம் பிறந்துவிட்டது. "அதான் என்னை மாடி ஓரத்துல நிக்க வெச்சு, பின்னாடி போ, பின்னாடி போன்னாரு!"

அஞ்சலை தலையில் கை வைத்தாள். "ஐயோ, எனக்கு சுகர் ஜாஸ்தின்னு எழுதிக்கிட்டுப் போயி ஜாங்கிரி குடுத்தாரே!"

ஒரு மனிதனின் நல்ல குணங்கள் ஒவ்வொன்றும் அவனுக்கு எதிரான சாட்சியாக மாறுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். சுமதி என் பக்கம் பேசுவாள் என்று திரும்பினேன். அவள் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம எழுதிட்டேன்மா" என்றேன்.

"போன வருஷம் எங்க அத்தா பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு என் பாரத்த மூணு தடவை திருப்பி அனுப்புனீங்க சார்" என்றாள் நஸ்ரின்.

பாய் மட்டும் நிதானமாக இருந்தார். "சார் அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா. ஆனா சார், பேரு மாறுற வரைக்கும் ஒருத்தரும் மேல ஏற மாட்டாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

நஸ்ரின் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த ஐந்து திருத்தப் பாரங்களை நிரப்பினாள். நான் பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு அடித்தல் திருத்தம் இல்லை. (தேடிப் பார்த்தேன்.)

கூரை வேலையைச் சாக்காகச் சொல்லி நாங்கள் போகாமலிருந்த அந்தக் கல்யாணம் அன்றுதான்; செல்வம் போனை எடுக்கவில்லை. கடலூர் பஸ்ஸைப் பிடித்து, திருப்பாதிரிப்புலியூர் கல்யாணச் சத்திரத்துக்கே போனேன். மணமேடைக்குப் பின்னால் வைத்து விஷயத்தைச் சொல்லிப் பாரங்களை நீட்டினேன். அவன் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு, "அஞ்சு பேருமா மாமா?" என்றான்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தார்கள். அப்பளம் வருவதற்குள் கதை என் இலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மோர் வரும்போது சுமதியின் பெரியப்பா, "மாப்ள, என் பென்ஷன் பேப்பர்ல ஒங்க பேரு எதுவும் இல்லியே?" என்று எட்டிக் கேட்டார். பக்கத்து இலைக்காரர் அதற்குச் சிரித்துவிட்டு, சற்றுத் தள்ளியும் உட்கார்ந்துகொண்டார்.

"சாயங்காலம் ஆபீஸ்ல குடுத்து மாத்திடறேன். அதுவரைக்கும் அஞ்சு பேரையும் பத்திரமாப் பாத்துக்குங்க மாமா" என்று செல்வம் வழியனுப்பினான்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. புதுச்சத்திரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை. ஓட்டுநருக்கு முன்னால் போகிற லாரி தெரியவில்லை. கூரையில்லாத சமையலறையில் அரிசி, பருப்பு, கிரைண்டர், சுமதி எல்லாம் இருந்தன. போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் என்ற வார்த்தையே தெரியாத காலத்தில் மனிதர்கள் எவ்வளவு நிம்மதியாக வீடு கட்டியிருப்பார்கள் என்று யோசித்தபடி ஜன்னலோரம் நனைந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினால், எங்கள் மாடியில் ஆட்கள்! கைப்பிடிச் சுவர்மேல் பாய் குந்தியிருந்தார். அந்தோணி சமையலறைச் சுவர்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மற்ற இருவர் கயிற்றோடு விளிம்பில். அஞ்சலை ஏணியின் உச்சிப்படியில் நின்று, தார்ப்பாய் பறக்காமலிருக்கச் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கொட்டுகிற மழை, பாசி பிடித்த சுவர்.

என் ஐந்து பாலிசியும் மேலே இருந்தன.

"எறங்குங்க! பாய், எறங்குங்க! இன்னும் பேரு மாறல!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"என்னா சார்?"

"நான்தான் இன்னும் நாமினி! கால் வழுக்கிச்சுன்னா என்னைத் தூக்குல போட்டுருவாங்க! எறங்குங்க!"

கடவுளே, இந்த ஐந்து பேருக்கும் நூறு வயசு குடு என்று அன்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள்கூட வேண்டியிருக்க மாட்டார்கள். அந்தோணி ஒற்றைக் காலை மாற்றி வைத்தபோது எனக்கு இங்கே கீழே உயிர் போய் வந்தது.

கடைசி முடிச்சையும் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். பாய் துண்டைப் பிழிந்தார்.

"காலையில ஏற மாட்டோம்னீங்களே பாய்?"

"காலையில மழை இல்லியே சார். அடுப்புல அக்கா கொழம்பு வெச்சிருக்காங்க, கொடைய புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பேப்பரப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று தெரியாத ஒருவனின் வீட்டுக்காக, அவன் பெயர் நாமினியாக இருக்கும்போதே ஏறியிருக்கிறார்கள். நனைந்த சட்டையோடு ஐந்து பேருக்கும் நானே டீ போட்டுக் கொடுத்தேன். அஞ்சலை தன் டம்ளரைக் கையில் வாங்கி, சர்க்கரை போடவில்லைதானே என்று சுமதியிடம் உறுதி செய்துகொண்டுதான் குடித்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு செல்வம் அழைத்தான். "மாறிடுச்சு மாமா. இனிமே அவங்க செத்தா ஒங்களுக்கு ஒண்ணும் கெடையாது." வாழ்க்கையில் அவ்வளவு நல்ல செய்தியை நான் கேட்டதில்லை.

தளம் போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "நாமினி மாப்ள வந்துட்டாரு" என்கிறார்கள். ஒருவரும் எனக்குப் பேனா கடன் கொடுப்பதில்லை.

போன வாரம் ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். ஏணியைச் சாத்தினார். நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதன் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து சுமதி, "அண்ணா, ஏறுறதுக்கு முன்னாடி சார் ஒங்க வயசு, சுகர் ஏதாச்சும் கேட்டாரா?" என்று குரல் கொடுத்தாள்.

எலக்ட்ரீஷியன் மூன்றாம் படியில் நின்று என்னைக் குனிந்து பார்த்தார்.

"சார், ஏணி ஸ்ட்ராங்காத்தான் இருக்குது. நீங்க கைய எடுத்தீங்கன்னா நான் தைரியமா ஏறிடுவேன்."