ஆழ்வாப்பிள்ளையரின் ஒல்லாந்துக் குசினி

'எங்கடை வீட்டிலையும் கிடக்கு' என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். நீங்கள் குடை வாங்கினால் அவரிடம் அதைவிட நீளமான குடை இருக்கும். உங்களுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் அவருக்குப் போன மாசம் நூற்றிநாலு. உங்கள் மாட்டைப் பார்க்க வந்து, தன் மாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார். இந்த இனத்துக்குக் கண்ணால் பெரிய உபயோகம் இல்லை, எல்லாம் வாயால்தான்.

எங்கள் பகுதியில் இந்த இனத்துக்குத் தலைப்பிள்ளை இணுவில் ஆழ்வாப்பிள்ளையர். எழுபத்திநாலாம் ஆண்டு ஆனி மாதம், வட்டுக்கோட்டைக்கு அப்பால் பறங்கித்திடலில் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர் குழி தோண்டி, முதலில் போர்த்துக்கீசரும் பிறகு ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரரும் குடியிருந்த வீடுகளின் அத்திவாரங்களை வெளியே எடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். சனம் பஸ் பிடித்தும் சைக்கிள் மிதித்தும் வந்தது. ஆழ்வாப்பிள்ளையரும் வந்தார். பார்க்கவா? விசர்க் கதை. சொல்ல வந்தார். மனைவி மகாதேவியையும் கூட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சனத்தை விலக்கி முன்னுக்குப் போய் நின்றார்.

மேசையில் உடைந்த பீங்கான், புகை பிடிக்கிற மண் சுங்கான், துருப்பிடித்த ஆணி என்று பரப்பி வைத்திருந்தது. சிவசுப்பிரமணியம் என்ற இளம் அலுவலர், பாவம், சாதுவான பிள்ளை, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"இது ஒல்லாந்தற்றை பீங்கான்."

"எங்கடை வீட்டிலை முழுசாக் கிடக்கு. பூனைக்குப் பால் வைக்கிறனாங்கள்."

"இந்தச் சுண்ணாம்புச் சாந்தைப் பாருங்கோ. இருநூறு வருசத்துக்கு மேலை."

"எங்கடை குசினிச் சுவரிலையும் உதே சாந்துதான்."

அதோடு பிடித்தது சனி. அலுவலர் இந்தச் சுவர் இரண்டரை அடி அகலம் என்றார். குசினிச் சுவர், அதுதான் அடுக்களைச் சுவர், மூன்றடி ஆனது. இங்கே வளைவு வைத்த யன்னல் ஒன்று இருந்திருக்கிறது என்றார். குசினியில் இரண்டு முளைத்தன. அந்தக் குசினி தன் தகப்பன் கட்டியது என்று ஆழ்வாப்பிள்ளையருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மூன்றாவது பொய்யோடு அவரே நம்பத் தொடங்கிவிட்டார். இந்த இனத்தின் விசேஷம் அது.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். மறுநாள் விடிய மேசன் வந்து அதே குசினியை இடிக்க இருந்தான். மகள் குணலட்சுமிக்கு ஆவணியில் கல்யாணம். அதற்குள் அந்த இடத்தில் புது அறை எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லியிருந்தது. சீமெந்தைக் கண்ணால் காண முடியாத அந்தக் காலத்தில், பெர்மிட்டுக்கு நாயாய் அலைந்து சேர்த்த நாற்பது மூட்டை விறாந்தையில் அடுக்கிக் கிடந்தது.

சிவசுப்பிரமணியம் கொப்பியைத் திறந்தார். முகமெல்லாம் சந்தோசம்.

"ஐயா, இது பெரிய விசயம். கொழும்பிலையிருந்து பெரியவை வந்து பாக்கவேணும். அதுவரைக்கும் ஒரு கல்லும் அசைக்கப்படாது. சட்டம் அப்பிடி. விலாசத்தைச் சொல்லுங்கோ."

மகாதேவி அவரின் சால்வைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு மேசன் எல்லோ வாறான். மாமா கட்டின குசினி எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ."

ஆழ்வாப்பிள்ளையருக்குச் சீமெந்து மூட்டைகள் நினைவுக்கு வந்தன. உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்லக்கூடாது. அதற்குள் சனத்துக்குள் இருந்து, அதே இணுவில் பழைய மேசன் தம்பிஐயா முந்திக்கொண்டார்.

"எட தம்பி, உவற்றை குசினியோ? அதுக்கு நானல்லோ சாந்து குழைச்சனான். உவற்றை தேப்பன் கட்டினது. ஒல்லாந்தனும் இல்லை, ஒருத்தனும் இல்லை."

சனம் சிரித்தது. அலுவலர் பேனையை மூடிக்கொண்டு, "அப்பிடியோ ஐயா?" என்று கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஓம் என்றால் மேசன் வருவான், அறை எழும்பும், பிள்ளை கழுத்தில் தாலி ஏறும். ஆனால் சனம் சிரித்துவிட்டதே.

"உவருக்கு என்ன விளங்கும்?" என்றார் ஆழ்வாப்பிள்ளையர். "உவர் குழைச்சது எங்கடை மாட்டுக்கொட்டிலுக்கு. குசினி அசல் ஒல்லாந்தன்றை. நீங்கள் எழுதுங்கோ தம்பி."

தம்பி எழுதினார்.

ஆவணி வந்தது, கொழும்பிலிருந்து ஆள் வரவில்லை. மாப்பிள்ளை பகுதி இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, கோப்பாயில் அறையோடு இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டது. கார்த்திகை மழைக்கு விறாந்தை ஒழுகி, நாற்பது மூட்டையும் கல்லாய் இறுகின. தை மாதம் இரண்டு பேர் காரில் வந்தார்கள். சுவரை நகத்தால் சுரண்டினார்கள். "முப்பது, நாப்பது வருசம் இருக்கும்" என்றுவிட்டு, தேத்தண்ணி ஆறுமுன் எழும்பிப் போனார்கள். அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவள் குணலட்சுமி. குடியாத கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய், அந்தக் குசினியிலேயே கழுவி வைத்தாள். நினைக்கவே வயிறு எரிகிறது.

ஆழ்வாப்பிள்ளையருக்கு எங்கே எரிந்தது? அடுத்த கிழமை ஒரு வீடு குடிபூரலில், பந்தியில் இருந்துகொண்டு, "கொழும்பிலையிருந்து கார் பிடிச்சு வந்து பாத்திட்டுப் போன குசினி இந்தப் பகுதியிலை எங்களிட்டை மட்டும்தான் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகாதேவி எழும்பிக் கைகழுவப் போய்விட்டார்.

அவர் திருந்தமாட்டார், விடுங்கள். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவையும் படித்துக்கொண்டு வரும்போது, 'உவர் என்ன பெரிய ஆள், எங்கடை ஊரிலை ஒருத்தர் இருக்கிறார், அவருக்குக் கிட்ட உவர் நிக்கமாட்டார்' என்று சொல்ல உங்கள் வாய் ஒருதரம் உன்னியதோ இல்லையோ? உன்னியிருந்தால், வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளை இருக்கிறதா என்று ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.